மழை அறையில் நாலு தவளைகள்

இர்விங் நகரில் ஃப்ரீவேயை ஒட்டிய தகரக் கொட்டகை. வெளியே நண்பகல் வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே மழை பெய்கிற சத்தம். ஒரே ஒரு தீவில் மட்டும் வாழ்ந்த தவளை இனத்தில் மிஞ்சியவற்றை இங்கேதான் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பார்த்துக்கொள்வது என் கல்லூரித் தோழி ஷமீமா.

பழக்கதோஷத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு படியேறுகிறேன்.

"ஏய், நில்லுடி! தீவுல எல்லாம் செத்ததே ஒரு பூஞ்சையாலதான். உன் கால்ல என்ன இருக்கோ! பூட்ஸ் போடு" என்று கத்துகிறாள்.

மருந்துத் தண்ணீரில் நனைத்த ரப்பர் பூட்ஸோடு உள்ளே போகிறேன். கூரைக் குழாய்களிலிருந்து தூறல் விழுகிறது. கண்ணாடித் தொட்டிக்குள் நாலு தவளைகள், அசைவே இல்லை. திடீரென்று மூலையிலிருந்து ஒரு குரல், ஈர விரலால் கண்ணாடியைத் தேய்த்தாற்போல. நாலும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்புகின்றன.

"ஆண் தவளையா?"

"ஸ்பீக்கர். இதுங்க நாலும் பொண்ணுங்க. இருந்த ஒரே ஆண் போன மாசம் செத்துடுச்சு. அது குரலை முன்னாடியே ரெகார்ட் பண்ணி வச்சிருந்தோம். தீவுல இன்னொரு ஆணைத் தேடறாங்க, கிடைக்கல."

"அப்புறம் எதுக்கு இன்னும் ப்ளே பண்றே?"

அவள் ஸ்பீக்கரை நிறுத்துகிறாள். மழை மட்டும் கேட்கிறது. நாலு தவளைகளும் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்க்கின்றன.

நான்தான் அவசரமாகப் பட்டனை மறுபடி அழுத்துகிறேன்.