தீர்மான நோட்டில் பதினோராவது பெயர்

தலைமை ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவதெல்லாம் சுலபம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும். நாற்காலி போட்டு, டீ சொல்லி, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். ஆசிரியராக இல்லாவிட்டால், பெற்றோராக அதே நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவியாவது விட்டிருப்பீர்கள். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அங்கே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழு வருஷம் குப்பை கொட்டினேன். குழுவில் பெற்றோர் அதிகம், ஆசிரியர்கள் கொஞ்சம். தலைவியாக ஒரு பிள்ளையின் தாயார் இருப்பார். கூட்டத்தைக் கூட்டுவது என் பொறுப்பு. இந்த வருஷம் பிள்ளைகள் எதில் முன்னேற வேண்டும், அதற்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாரும் உட்கார்ந்து பேசி, திட்டம் போட்டு, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விதி அப்படி. நடப்பு என்னவென்றால், போன வருஷத் திட்டத்தை நானே ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பார்த்தெழுதி, கையெழுத்தை மட்டும் வாங்கிவிடுவேன். நீங்களும் அப்படித்தானே? சும்மா சொல்லுங்கள், யாரும் கேட்கவில்லை.

மூன்று மணிக் கூட்டம்

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரன். கடல் என்றால் எனக்கு நிறைய உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். அந்த வருஷம் பஞ்சவர்ணம் என்கிற அம்மா தலைவியானார். கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிற தொழில். அவர் தலைமையில் முதல் கூட்டம், வெள்ளிக்கிழமை மூன்று மணி என்று சுற்றறிக்கை அனுப்பினேன். மூன்று மணிக்கு வந்தது நான், வசந்தா டீச்சர், டீ பிளாஸ்க். மூன்றரைக்கும் அதே மூன்று பேர்தான்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. விறுவிறுவென்று கடற்கரைக்கே போய்விட்டேன். பார்த்தால், என் குழு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறது! தூரத்தில் தலை தலையாகத் தெரிந்தது. கரையில் நின்று கத்தினேன், கையை ஆட்டினேன். கடைசியில் பஞ்சவர்ணம் மெதுவாகக் கரையேறி வந்தார். இடுப்பில் பாசி நிறைந்த வலைப்பை, பாறை கிழிக்காமல் இருக்க விரலெல்லாம் துணி சுற்றியிருந்தது. "மூணு மணின்னு நோட்டீஸ் குடுத்தேனே, பார்க்கலையா?" என்றேன். அந்தம்மா முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க ஊருக் கம்மாய் ஒரே இடத்துல கெடக்கும் சார். கடலு இன்னிக்குப் பிந்தித்தான் வத்துச்சு, வத்துனாத்தான் எங்களுக்குப் பொழப்பு. கூட்டத்தை நீங்க வையிங்க, நேரத்தை நாங்க வைக்கிறோம்."

செவுரு

அதற்குப் பிறகு கடல் வற்றுகிற நேரத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கூட்டம் வைத்தேன். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பாடவேளை அட்டவணைக்குப் பக்கத்தில் அதையும் எழுதிச் சொருகியிருந்தேன். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், என்ன சார் மீன் பிடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

திட்டக் கூட்டத்துக்குப் பதினேழு பேர் வந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். ஆட்டோ ஓட்டுகிற நாகூர் கனி முதல் ஆளாக எழுந்து, "சுத்துச்செவுரு சார், ஆடு உள்ள வருது" என்றார். ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் சொல்ல, நானும் சந்தோஷமாக எழுத ஆரம்பித்தேன். போன வருஷமும் அதேதானே, எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை.

பஞ்சவர்ணம் மட்டும் ஆமாம் போடவில்லை. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதையும் தலைவியான பிறகு வசந்தா டீச்சரிடம் கற்றுக்கொண்டது. நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்: "செவுரு நல்லதுதான் சார். உள்ள இருக்கிற புள்ளைகளுக்கு வாசிக்க வருதான்னு என்னிக்காச்சும் பார்த்தீகளா?"

டீச்சர் சொன்ன யோசனை

பார்க்கவில்லை. அதனால் பார்த்தோம். ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார் வசந்தா டீச்சர். பதினோரு பேருக்கு வாசிக்க வரவில்லை. பள்ளி விட்டபின் தினமும் ஒரு மணி நேரம் அவர்களுக்கு வாசிப்பு வகுப்பு, டீச்சர் நடத்துவார், பெற்றோரில் ஒருவர் முறை வைத்துக் கூட உட்காருவார், பரீட்சை முடிவதற்குள் பதினோரு பேரும் ஒரு பக்கம் தடங்கல் இல்லாமல் வாசிக்க வேண்டும். இதுதான் திட்டம். என் சர்வீஸிலேயே நான் பார்த்தெழுதாத முதல் திட்டம்.

பட்டியலைக் குழுவில் வாசிக்க வேண்டும். பதினோராவது பெயர் சங்கீதா. பஞ்சவர்ணத்தின் மகள். தலைவி நாற்காலியில் அந்தம்மா உட்கார்ந்திருக்க, ஊர் முன்னால் அவர் மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஒரே ஒரு கோடு. அடித்துவிட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன், சத்தியமாக. கூட்டத்தில் பத்துப் பெயர்தான் வாசித்தேன். பஞ்சவர்ணத்தின் முகம் மலர்ந்தது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. வெளியே வந்ததும் வசந்தா டீச்சர் என் பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஒங்க பேனாவுக்கு அம்புட்டுச் சக்தி இருந்தா, மிச்சம் பத்துப் பேரையும் அடிச்சு விட்ருங்க சார். எனக்கும் வேலை மிச்சம்."

ஹார்ன்

வாசிப்பு வகுப்பு களைகட்டிவிட்டது. முறைக்கு வந்த பெற்றோர் சும்மா உட்கார்ந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? ஒரு அம்மா மீன் ஏலத்துக்குப் போன சேலையோடு வந்து உட்கார்ந்து, பிள்ளைகளை ஏலக்காரர் மாதிரி "சத்தமா, சத்தமா" என்று விரட்டுவார். நாகூர் கனி தன் முறை இல்லாத நாளிலும் வந்துவிடுவார். மனசுக்குள் படித்துக்கொண்டிருந்த ஒரு பயலை எழுப்பி நிறுத்திவிட்டு, என்னிடம் புகார் சொன்னார்: "வாயத் தொறக்காம படிக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்ல சார். ஹார்ன் அடிக்காம சந்துக்குள்ள வர்ற வண்டி மாதிரி இருக்கு."

ஜன்னல்

சங்கீதாவின் தோழிகள் இரண்டு பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்களோடு வீட்டுக்குப் போவதற்காக இவள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள். வசந்தா டீச்சர் எத்தனையோ தடவை உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். வரமாட்டாள். என்னிடம் வந்து டீச்சர் சொன்னபோது, "சின்னப் பிள்ளைதானே, போகப் போக வந்துரும்" என்று நழுவினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் டீச்சர் கையைப் பிடித்து இழுத்தபோது, சங்கீதா கையை உதறிவிட்டுச் சொன்னாளாம்: "நான் எதுக்கு டீச்சர் வரணும்? எனக்கு வாசிக்க வரும்னு சாரே சொல்லிட்டாகன்னு எங்கம்மா தெரு பூராம் சொல்லிட்டு வந்திருக்கு."

அடையாள அட்டை

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த சமயம். மீன் ஏலக் கூடத்துச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பஞ்சவர்ணமும் கூடப் பாசி எடுக்கிற மூன்று பெண்களும் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். நாலு பேருக்கும் எழுத்து வாசனை கிடையாது. ஆனால் கூட சங்கீதா இருந்தாளே! பஞ்சவர்ணம் பெருமையோடு, "வாசி தாயி" என்றிருக்கிறார். பிள்ளை என்ன செய்யும்? அங்கே வழக்கமாக என்ன எழுதியிருப்பார்களோ அதைச் சொல்லிவிட்டாள்: கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும்.

உண்மையில் எழுதியிருந்தது வேறு. பலத்த காற்று அடிக்கும், நாளை யாரும் கடலில் இறங்க வேண்டாம். மறுநாள் காலையில் ஊரில் யாரும் இறங்கவில்லை. இந்த நாலு பேர் மட்டும், அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் பத்திரமாகச் சொருகிக்கொண்டு, தள்ளியிருந்த ஒரு பாறைப் பக்கம் இறங்கியிருக்கிறார்கள். காற்று எடுத்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வலைப்பையை எல்லாம் விட்டுவிட்டு, தட்டுத்தடுமாறிக் கரையேறினார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஒருவருக்கு முழங்காலில் நல்ல வெட்டு.

பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போகவில்லை. ஈரச் சேலையோடு, விரலில் சுற்றிய துணியோடு நேராக என் அறைக்கு வந்து, "நோட்டீஸ்ல வேற எழுதியிருந்துச்சாம். எம் மகளுக்கு வாசிக்க வருமா, வராதா சார்?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய பட்டியலை எடுத்து, கோடு அடித்த இடத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அந்தம்மா கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. அடித்த கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு நீங்க அவ பேரை வாசிச்சிருந்தா எனக்கு ஒரு நாளு தலைகுனிவு. வாசிக்காம விட்டீகளே சார், எம் மகளுக்கு ஆறு மாசம் போச்சே!"

திருத்தம்

அடுத்த கூட்டத்துக்கு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார் பஞ்சவர்ணம். டீ வருவதற்கு முன்பே எழுந்து, "எம் மக சங்கீதாவுக்கு வாசிக்க வராது. அவ பேரையும் சேர்க்கணும்" என்று அவரே சொல்லிவிட்டார். நாகூர் கனி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டைத் திறந்து, 'தலைமை ஆசிரியரின் கவனக்குறைவால் விடுபட்ட பெயர் சேர்க்கப்படுகிறது' என்று எழுதி, வழக்கம்போல் சத்தமாக வாசித்தேன். எனக்குத் தெரிந்த ஆபீஸ் தமிழ் அதுதான். கையெழுத்துக்கு நோட்டை நீட்டினேன். அந்தம்மா பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார்: "கவனக்குறைவு இல்ல சார். தெரிஞ்சேதான் விட்டதுன்னு எழுதுங்க, போடுறேன்."

எழுதினேன். பதினேழு பேர் முன்னால், என் கையாலேயே.

பத்து

பரீட்சை முடிந்து, ஏப்ரலில் ஒரு நாள் குழு முன்னால் பிள்ளைகள் வாசித்துக் காட்டினார்கள். பத்துப் பேரும் ஒரு பக்கத்தை முடித்தார்கள். ஹார்ன் அடிக்காத பயல் ஜன்னல் அதிர வாசித்தான். கடைசியாக சங்கீதா. அவளுக்குக் கிடைத்தது மூன்று மாசம்தான். அரைப் பக்கம் வந்தாள், நின்றுவிட்டாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை, அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வாயெடுத்தேன். பஞ்சவர்ணம் கையைக் காட்டி என்னை அடக்கினார். பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

எத்தனை பேர் இலக்கை அடைந்தார்கள் என்று திட்டத்தில் எழுத வேண்டும். எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? எங்கே! "அரைப் பக்கம் வாசிச்சிருச்சே, பதினொண்ணுன்னே எழுதிருவோமா?" என்று பஞ்சவர்ணத்திடம் மெதுவாகக் கேட்டேன். மேலே போகிற தாளில் எல்லாரும் என்று இருந்தால் அழகாக இருக்குமே. அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில் பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "பத்துன்னே எழுதுங்க. அவ இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கா" என்றார்.

பஸ் ஸ்டாண்டு

ஜூனில் எனக்கு மாறுதல் வந்துவிட்டது. என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் நானே கேட்டு வாங்கியதுதான். இப்போது பரமக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறேன். இங்கே மூன்று மணிக் கூட்டத்துக்கு மூன்று மணிக்கே எல்லாரும் வந்துவிடுகிறார்கள். நான் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், போகிறார்கள். ஒருத்தராவது பேனாவை மூடி வைக்க மாட்டாரா என்று ஏங்கிப்போகிறது. அந்த ஈரச் சேலைகளும், பாசி வாடையும், வசந்தா டீச்சரின் முறைப்பும் இல்லாமல் கூட்டம் கூட்டமாகவே இல்லை.

போன மாசம் ஒரு சாயங்காலம் பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், போன் வந்தது. பஞ்சவர்ணம். "நல்லாருக்கீகளா சார்? லைன்ல இருங்க" என்றார், அவ்வளவுதான். பிறகு பிள்ளைக் குரல். ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம். பஸ் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். நடுவில் ஒரு இடத்தில் நின்றாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே தாண்டினாள், கடைசி வரி வரைக்கும் போனாள். என் ஊர் பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை. அப்புறம் அந்தம்மா போனை வாங்கினார்: "பதினொண்ணு சார். இப்ப எழுதிக்கிருங்க."

அந்தத் தீர்மான நோட்டு இப்போது வேறொரு தலைமை ஆசிரியரின் பீரோவில் பூட்டிக் கிடப்பதால், வேறு வழியில்லாமல் இங்கே எழுதியிருக்கிறேன்.