ராஜி காட்டாத முட்டை ஓடு

குத்துக்கல்வலசையில் கோழித்தீவனக் கடையொன்றில் தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வரிசையாக முட்டைகள். "இருபத்தோரு நாள்ல பொரிச்சிரும்மா. பக்கத்துல ஆளே வேண்டாம்" என்றார் கடைக்காரர். ஆளே வேண்டாமாம்! எனக்கு மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கடையில் மண்ணெண்ணெயே கிடையாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் நானும் ராஜியும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். ஒரே வாடகை வீடு, ஒரே சோற்றுப்பானை. கோழி அடைகாக்காமலும் குஞ்சு பொரிக்கும், சூடு இருந்தால் போதும் என்று வகுப்பில் சொல்லி வைத்தேன். ஒரு பிள்ளையும் நம்பவில்லை. கண்ணால் காட்டுகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அப்போதெல்லாம் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய தேயிலைப் பெட்டி. கடைசிவரை அதில் தேயிலை மணம் போகவில்லை. தகரத் தடுப்புக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஊற்றிய அரிக்கேன் விளக்கு, புகை போக ஓட்டை, ஈரத்துக்குக் கிண்ணத்தில் தண்ணீர், பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டர். பின்வீட்டுப் பிச்சம்மாக்கா பன்னிரண்டு முட்டை தந்தாள். முட்டையைத் தினமும் புரட்டி வைக்க வேண்டும்; புரட்டியது தெரிய வேண்டுமே என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டேன்.

பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, தம்பிக்குப் பெண் பார்க்கக் கடையநல்லூர் போக வேண்டியதாயிற்று. "நீ போயிட்டு வாட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ராஜி.

ஞாயிறு மாலை திரும்பினால் பெட்டிக்குள் கீச்கீச்சென்று ஓடித் திரியும் எட்டுக் குஞ்சுகள்!

"ஒரு நாள் முந்திட்டு, பாத்தியா!" என்றாள் ராஜி.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "ஓடெல்லாம் எங்கட்டி?"

"நாத்தம் அடிச்சிச்சு. தென்னமரத்து மூட்டுல புதைச்சிட்டேன்."

தலையாட்டினேன். பிறந்த அன்றே இவ்வளவு ஓட்டமா என்று கேட்கத் தோன்றவில்லை.

திங்கள் காலை வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரையும் வீட்டு முற்றத்துக்குக் கூட்டி வந்தேன். குஞ்சுகளைச் சாக்கில் விட்டுப் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டே சுவரைத் தாண்டிக் குதித்தது. எட்டும் ஓடிப்போய் அதன் இறக்கைக்குள் புகுந்துகொண்டன. பின்னாலேயே பிச்சம்மாக்கா ஓடி வந்தாள்.

"பஞ்சாரக் கூடையைத் தள்ளிட்டு வந்துட்டே, சவம்! குஞ்சைக் கேட்டு வந்தப்பமே சொன்னேன்லா ராஜி டீச்சர், தாய்க்காரி சும்மா இருக்க மாட்டான்னு."

"அப்பம் இது கோழி பொரிச்சதுல்லா, டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு பள்ளிக்கூடம் வரை கூடவே வந்தது.

சாயங்காலம் தென்னை மரத்து மூட்டில் தோண்டினேன். பன்னிரண்டு முட்டையும் முழுசாக இருந்தன, என் பென்சில் குறிகளோடு. ஒன்றை உடைத்தேன். அலகும் ஈர ரோமமுமாக ஒரு குஞ்சு, கண்ணை மூடிக் கிடந்தது.

பின்னால் ராஜி அழுதுகொண்டு நின்றாள். "சனிக்கிழம ஐந்தருவியில சாரல் நல்லா இருக்குன்னாங்க. காலையில போனவ பொழுது சாயத்தான் வந்தேன். விளக்கு அணைஞ்சு கெடந்துச்சு. நீ அழுவியேன்னுதான்..."

அழுதிருப்பேன். ஒரு நாள் அழுதுவிட்டு, அவளைத் திட்டிவிட்டு, மறுபடி பன்னிரண்டு முட்டை வைத்திருப்பேன். அருவிக்குப் போனதை அன்றே மன்னித்துவிட்டேன். என் பிள்ளைகள் முன்னால் என்னைப் பொய்க்காரியாக நிறுத்தினாளே, அது இன்றுவரை ஆறவில்லை.

தேயிலைப் பெட்டி அந்த மாதமே அடுப்புக்குப் போனது. ராஜி மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். இப்போது அவளும் இல்லை. வீடு இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. நல்ல சேதி கேட்டதும் ஓடு எங்கே என்று தோண்டிப் பார்க்காமல் ஒருத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்ட அந்த டீச்சரையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.