அரளி நட்ட வாரம்

இந்த ஊரில் செடியிலேயே விரிந்து நிற்கும் முல்லையை நான் பார்த்ததில்லை. வெயில் ஏறுமுன் மொட்டாகவே பறித்துவிடுகிறார்கள். நாரில் தொடுத்துத் தலையில் வைத்த பிறகுதான் அது விரிகிறது. ராசிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மாதம், எங்கள் வாசலில் இருந்த ஒற்றை முல்லைக்கொடி தினமும் காலையில் மொட்டையாக நிற்பதைப் பார்த்து ஏதோ ஆடு மேய்ந்துவிடுகிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பாவாயக்காவிடம் சொன்னேன். அவர் விதவை. இரண்டு எருமைகளோடும் கொஞ்சம் மானாவாரி மேட்டுக்காட்டோடும் தனியாக இருப்பவர். “ஆடு இல்ல கண்ணு, நாந்தா பறிச்சேன். உட்டா வீணாப் போயிருமல்லோ” என்று சொல்லி, தொடுத்த பூவில் பாதியைக் கிள்ளி என் கையில் வைத்தார்.

நான் பிறந்தது இலங்கையில், நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே துரை பங்களாவில் அப்பாவுக்குப் பூந்தோட்ட வேலை. அந்தத் தோட்டத்தில் பூவைப் பறிப்பதுதான் குற்றம். வரிசை வீடுகளான லயத்திலிருந்து வரும் பெண்கள் கொழுந்துக் கூடையோடு பங்களா வேலியைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்ப்பார்களே தவிர, ஒருத்தியும் கை நீட்டமாட்டாள். துரைசாணி அம்மாள் சீமையில் தன் ஊர்க் குடிசை வீடுகளின் முன்னால் இருப்பதுபோல ஒரு நீளப் பாத்தி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருந்தாள். ‘காட்டேஜ் பார்டர்’ என்பது அவள் சொன்ன பெயர். அப்பாவின் வாயில் அது ‘காட்டாசு பாடர்’ ஆயிற்று. பின்னால் ஆள் உயரத்துக்கு ஹாலிஹாக், நடுவில் லூப்பின், முன்னால் தரையோடு டெய்சி. ஒன்று ஓயும்போது இன்னொன்று பூக்க வேண்டும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருடா வருடம் தானாகத் துளிர்க்க வேண்டும். பார்த்தால் யாரும் நட்டதுபோலவே தெரியக்கூடாது. அதற்காக அப்பா ஒரு வாரம் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எந்தச் செடி எங்கே என்று காகிதத்தில் எழுதிக்கொடுத்தது நான்தான்.

ராசிபுரத்தில் என் கணவர் பஸ் டிரைவர். உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகிப்போனதால் அவர் ஓட்டியது கரியடுப்பு பூட்டிய வண்டி. மூச்சுத் திணறி மேடு ஏறும் அந்த வண்டியோடு சேலம், நாமக்கல் என்று அலைந்துவிட்டு நாலு நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். நல்ல மனிதர். பேசுவதற்கு அவரிடம் நேரம் மிஞ்சாது. மாமியாரோ நாத்தனாரோ இல்லாத வீடு. இலங்கை முழுவதும் இவர்களுக்குக் கண்டிதான்; தெருவில் என் பெயர் கண்டிக்காரி. கிணற்றடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும்.

வீட்டுச் சுவருக்கும் முள்வேலிக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதில் அப்பாவின் பாத்தியைப் போட்டுவிடலாம் என்று ஒரு மத்தியானம் தோன்றியதும், வந்த நாள் முதல் இல்லாத ஒரு சுறுசுறுப்பு எனக்கு வந்தது. அப்பாவுக்கு எழுதினேன். அவர் ஒரு தகர டப்பாவில் விதை அனுப்பினார். கார்த்திகைக் குளிரில் எல்லாமே முளைத்தன. மாசி வெயிலில் ஒன்றுகூட நிற்கவில்லை. நான் அழுதுகொண்டு எழுதிய கடிதத்துக்கு அப்பாவின் பதில் நாலே வரி: “பாப்பா, மலைச் செடியை வெயிலில் வைத்தது நம் தப்பு. ரோட்டோரமாக நடந்து பார். தண்ணீர் கேட்காமல் எது நிற்கிறதோ அதை எழுதிக்கொள். பாத்தியை மாற்றாதே, செடியை மாற்று.”

நடந்தேன். சித்திரை வெயிலில், நாமகிரிப்பேட்டை சாலையிலும் சுடுகாட்டுப் பாதையிலும், கையில் காகிதத்தோடு தனியாக ஒரு பெண் நடந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திட்டம் உருவானது. முன்னால் நித்தியகல்யாணி, நடுவில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும். பின்வரிசைக்கு உயரமாக, எந்த வெயிலுக்கும் வாடாத மஞ்சள் அரளி. ஹாலிஹாக்கின் இடத்தில் அது நிற்பதை மனதில் வரைந்து பார்த்து மகிழ்ந்துபோனேன். நித்தியகல்யாணிக்கு இங்கே சுடுகாட்டுப்பூ என்று பெயர் என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஆடி பிறந்து முதல் மழை பெய்தது. அதே வாரம் தம்பியின் கடிதம் வந்தது. அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார். கடிதம் எங்கெங்கோ தங்கி என் கைக்கு வரும்போது காரியமெல்லாம் முடிந்திருந்தது. கணவர் என் தலையில் தண்ணீர் ஊற்றினார். “யுத்த காலம், கப்பலுக்கு எங்க போறது?” என்றார். அடுத்த நாள் வண்டிக்குப் போய்விட்டார். பாவாயக்கா வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அழவில்லை. மண் ஈரமாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் காய்ந்துவிடும். நான் போய் ஆறு அரளிக் கன்றுகளைப் பெயர்த்து வந்து பின்வரிசையில் நட்டேன்; முன்னால் நித்தியகல்யாணியும் வைத்தேன்.

அதன் பிறகு பாவாயக்கா அடிக்கடி வர ஆரம்பித்தார். உப்பு கேட்டு வருவார், உப்பை மறந்துவிட்டுப் போவார். மோர் கொண்டு வருவார். சமையலறைக்குள் போய்ப் பானைகளை எட்டிப் பார்ப்பார். வேவு பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆறாம் நாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினால், பின்வரிசையில் ஆறு குழிகள். பாவாயக்கா மண் ஒட்டிய கையோடு வேலியோரம் நின்றிருந்தார்.

“என் அரளி எங்கக்கா?”

“நாந்தா புடுங்கிக் குப்பையில போட்டேன்.”

“யாரைக் கேட்டுப் பிடுங்கினீங்க? இது என் வீடு.”

“உன்ற ஊடுதா சாமி. நீ இந்த ஊட்டுல இருக்கோணும்னுதா புடுங்குனேன்.”

எனக்குப் புரியவில்லை. குடத்தை இறக்கி வைத்தேன். அவர் குரல் தாழ்ந்தது.

“எனக்கொரு தங்கச்சி இருந்தா. சங்ககிரிப் பக்கம் கட்டிக் குடுத்தோம். அவ ஊட்டுக்காரனும் எப்பவாச்சும் வாரவந்தா. தனியாவே கெடந்தா. எங்கம்மா செத்த மாசம் வேலியோரம் இந்த மஞ்ச அரளியத்தா கொண்டாந்து வெச்சா. செடி வெக்கிறாளாக்கும்னு நானும் சும்மா இருந்துட்டேன். ஆரும் ஒண்ணுங் கேக்கல. அந்தக் காயாலதா அவ போய்ச் சேந்தா.”

அந்த ஒரு வாரமும் அவர் என் பானைகளை ஏன் பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

“நான் பூவுக்காகத்தான் வச்சேன்க்கா.”

“சாமிக்கா?”

“இல்ல. பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு.”

நான் சொன்னது உண்மை. ஆனால் அவர் பயந்தது முழுக்க வீண் பயம் என்று சொல்ல அன்று எனக்கு நாக்கு வரவில்லை. அப்படியே வேலியோரம் உட்கார்ந்து, கடிதம் வந்த நாளிலிருந்து வராத அழுகையை அழுதேன். அவர் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையில் இருந்த மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முந்தானையில் ஒரு படி துவரையோடு வந்தார். “ஒசரமா வேணும்னா இதப் போடு. பூவும் மஞ்சளாத்தா பூக்கும். பாக்கறதும் ஆச்சு, பருப்பும் ஆச்சு.” நித்தியகல்யாணியைக் காட்டி, “சுடுகாட்டுப்பூன்னு சொல்றாங்களே, இதையும் எடுத்திரட்டுமாக்கா?” என்று கேட்டேன். “அது பாவம், கெடக்கட்டும். ஆர என்ன பண்ணுச்சு” என்றார்.

இதெல்லாம் நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. துவரையை மட்டும் அவ்வப்போது வெட்டிவிட்டு மறுபடி விதைக்கிறோம். மற்றவை தாமாகவே துளிர்க்கின்றன. பாவாயக்கா இப்போதும் வருகிறார். ஆனால் அந்தப் பாத்தியைப் பார்த்து அது எதன் சாயல் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் மண்ணுக்குள் இருக்கிறார். கடல் கடந்து வாழும் உங்களில் பலருக்கும் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். ஊரார் பாராட்டுவார்கள், ஆனால் என்னவென்று அறியமாட்டார்கள்.

போன மார்கழியில் பாத்தி முழுவதும் ஒரே சமயத்தில் பூத்தது. தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க, சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்றேன். மஞ்சள், ஊதா, வெள்ளை. அதற்குப் பின்னால் சாத்திய கதவோடு ஒரு சிறிய வீடு. தலையில் நெய்ப்பானையோடு சந்தைக்குப் போன ஒரு பெண் என் அருகில் நின்றாள்.

“ஏனுங்க, இத்தன பூவப் பறிக்காம உட்டிருக்கறாங்களே, இது ஆரு ஊடுங்க?”

“தெரியலீங்களே. நா இந்த ஊரு இல்லீங்க” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பேச்சக் கேட்டா இங்கத்தவங்களாட்டத்தா இருக்குது” என்று சொல்லிவிட்டு, பானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். அவள் வளைவில் மறையும்வரை, சாலையைக் கடக்காமல், எதிர்ப்புறத்திலேயே நின்றிருந்தேன்.