நடுக்கூடத்தில் ஒரு வளைவுப் படி

வீட்டுக்குப் பிளான் போடுகிறவனைச் சுவர் எழுப்பத்தான் கூப்பிடுவார்கள். போய் உட்கார்ந்த பிறகு அவன் காதில் விழுவதெல்லாம் குடும்பச் சமாசாரம்தான். சொந்த வீடு கட்டி அல்லல்பட்டவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளில் திருவள்ளூர்த் தேரடிக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து நானும் இந்தத் தொழிலைப் பார்த்தேன். படித்தது டிப்ளமாதான், ஆனாலும் எல்லோருக்கும் நான் இன்ஜினியர் சார். கும்மிடிப்பூண்டியில் கட்டிய ஒரே ஒரு வீடு என்னைப் படுத்திய பாட்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வெளியே வேண்டாம்

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மாடிப்படி என்றால் வீட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி நேராக ஏறும். நாளைக்கு மாடியை வாடகைக்கு விடலாம், குடித்தனக்காரர் நம் கூடத்தை மிதிக்காமல் போய் வரலாம் என்ற யோசனை. நான் போட்ட பிளான் எல்லாமே அப்படித்தான். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து எளாவூரில் லாரி வைத்து ஓட்டும் கோவிந்தசாமியின் மனைவி கமலம்மா, கூடத்துக்குள்ளேயே வளைந்து ஏறுகிற படி வேண்டும் என்று வந்து நின்றபோது, சினிமா பங்களா மோகம் என்றுதான் நினைத்தேன்.

இடத்தை விழுங்கும், வேலை இழுக்கும், மாடியை வாடகைக்கு விடவே முடியாது என்று அடுக்கினேன். அந்த அம்மாள் அசையவில்லை. கணவரின் தம்பி வேலுவைச் சின்னப் பிள்ளையிலிருந்து வளர்த்தது அவர்தான். வேலுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாடி அவனுக்கு. தம்பி தனியாகப் போய்விடுவானோ என்ற பயம் அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் என் மேசைமேல் விரலால் ஒரு வளைவு போட்டுக் காட்டிச் சொன்னார்:

“படி வெளிய இருந்தா மேல இருக்கறவங்க அப்டியே போயிடுவாங்க சார். என் கொழுந்தன் என் மூஞ்சிய பாத்துக்கினுதான் ஏறணும், எறங்கணும்.”

படிக்கு அடியில்

அதற்குப் பிறகு எனக்கும் பிடிவாதம் பிடித்துக்கொண்டது. முதலில் படியை வரைந்தேன். மற்ற வீடு அதைச் சுற்றி வந்தது. சமையலறைக் கதவைப் படியைப் பார்த்து வைத்தேன். காலை வெயில் வளைவின்மேல் விழுகிற மாதிரி ஜன்னலை நகர்த்தினேன். பூஜை அறையை மட்டும் தள்ளிக் கொண்டுபோனேன், சாமி தலைக்கு மேல் யாரும் நடந்துவிடக் கூடாதே. நடுவில் தூண் கிடையாது, மேலேயும் கீழேயும்தான் பிடிப்பு. அவிழ்த்துவிட்ட ரிப்பன்போல அது அந்தரத்தில் இறங்கி வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கோவிந்தசாமி பிளானை வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, படிக்கு அடியில் லாரி டயர்களை அடுக்க நல்ல இடம் என்று சந்தோஷப்பட்டார். அந்த நாளில் டயர் சுலபத்தில் கிடைக்காது. லாரிக்காரர்கள் அதைக் கண்ணெதிரே வைத்துக் காப்பார்கள். படியின் அழகே அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது, கீழே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று மன்றாடினேன். அவர் நிதானமாகக் கேட்டார்:

“இன்னா சார், டயரு மேல குந்திக்கினு பாத்தா தெரியாதா?”

சவுக்குக் கழி

காலியாக விட்டால் டயர் வந்துவிடும் என்று, அந்த வளைவுக்குள் சாப்பாட்டு மேசையைப் போடச் சொல்லிவிட்டேன். அடுத்த தொல்லை மேஸ்திரி. ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள், எல்லோரையும் நைனா என்பதால் அவர் பெயரே நைனா மேஸ்திரி. தூண் இல்லாமல் படி நிற்காது என்பது அவர் தீர்மானம். கான்கிரீட் போட்டுத் தண்ணீர் விட்டு நன்றாக இறுகிய பிறகும், முட்டுக் கொடுத்த சவுக்குக் கழிகளைப் பிரிக்க ஓர் ஆளும் வரவில்லை. ஒரு தூண், ஒரே ஒரு தூண் என்று தினமும் பேரம். கோவிந்தசாமிக்கும் மனசு ஆட ஆரம்பித்தது. தூண் வைத்தால் அது படியாக இராது, பந்தலாகிவிடும் என்று நான் மறுத்துவிட்டேன்.

கடைசியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் படிக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டு, இப்போது பிரியுங்கள் என்றேன். உள்ளுக்குள் உதறல்தான், இல்லை என்று சொன்னால் பொய். கழிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. தலையில் கொஞ்சம் சிமெண்ட் தூசி விழுந்தது, அவ்வளவுதான். நைனா மேஸ்திரி என் கையைப் பிடித்து எழுப்பினார்:

“உன் தைரியத்த நம்பிதான் கழட்டனேன் நைனா, உன் கணக்க நம்பி இல்ல.”

டேப்போடு வரச் சொன்னார்கள்

வேலு பெண்டாட்டியோடு மாடியில் குடியேறி இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஸ்டிரைக். வேலு கேட்டுக்கு வெளியே கொடி பிடித்து நிற்க, அதே கேட்டுக்குள் சரக்கேற்றப் போனது அண்ணனின் லாரி. அன்றோடு பேச்சு நின்றது. ஸ்டிரைக் முடிந்தும் அது தீரவில்லை. வெளிப்புறமாகப் படி வைத்து, மாடி ஜன்னலை இடித்து வாசலாக்க வேண்டும் என்று வேலு எனக்கு ஆள் அனுப்பினான். வைத்துக்கொள்ளட்டும் என்று அண்ணனும் சொல்லிவிட்டாராம்.

போனேன். மத்தியானம். படியின் வளைவுக்குள் கோவிந்தசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே யாரும் தொடாத ஒரு தட்டு. தினமும் கொழுந்தனுக்கு வைப்பதாகவும், அவன் பார்க்காததுபோல் தாண்டிப் போவதாகவும், பிறகு எடுத்துவிடுவதாகவும் கமலம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். வேலு இறங்கி வந்து, கடைசிப் படியில் நின்றபடியே, இடிக்க வேண்டிய பக்கத்தை அண்ணன் தலைக்கு மேலாகக் கை நீட்டிக் காட்டினான். நான் அளவு டேப்பைப் பிரிக்கவில்லை. இந்தப் படி போதும், இன்னொன்று நான் போட மாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கோவிந்தசாமி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

“சாப்ட்டு போடா. செவுத்த அப்பறமா இடிச்சிக்கலாம்.”

வேலு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான், எனக்கும் ஒரு தட்டு வந்தது. தேடி வந்த வேலை கைநழுவிப் போனதற்காக நான் வயிறாரச் சாப்பிட்டது இந்தத் தொழிலில் அந்த ஒரு நாள்தான்.