கழற்றி வைத்த கேரியர்

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆடி மாதம் நடந்தது இது. காரைக்குடியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் என் கணவருக்கு வேலை. எங்களிடம் இருந்த ஒரே வண்டி அவருடைய கறுப்பு சைக்கிள்தான். வெள்ளிக்கிழமை தோறும் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொள்வேன். மூச்சு வாங்க மிதிப்பார். குன்றக்குடி முருகனைக் கும்பிட்டுவிட்டு வருவோம்.

மகளுக்கு ஒரு வயதில் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தது. அன்று ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன், எடைக்கு எடை நாட்டுச்சர்க்கரை தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்தாள். அதிலிருந்து சாமி மாடத்தில் ஒரு பால் பவுடர் டப்பாவில் காசு சேர்த்து வந்தோம். அவளுக்கு மூன்று வயது முடிவதற்குள் போயாக வேண்டும்.

என் கணவருக்கு ஒரு சைக்கிள் செட்டு உண்டு. ஞாயிறு காலையில் ஐந்தாறு பேர் பள்ளத்தூர், நேமத்தான்பட்டி என்று மிதித்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. நானும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வருடம்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வந்தது. செட்டில் ஒருவர் கல்லூரி அலுவலகத்தில் இருந்தார், இங்கிலீஷ் தெரிந்தவர். வெளிநாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரில் கூடி சைக்கிளைப் பற்றி மட்டுமே பேசுகிற இடம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர்கள் எழுதுவதை எடுத்துவந்து டீக்கடையில் வாசித்துக் காட்டுவார். அவ்வளவுதான், செட்டே தலைகீழாகிவிட்டது. ஒருவர் மட்கார்டைக் கழற்றி எறிந்தார். மழையில் முதுகெல்லாம் சேறு. இன்னொருவர் மதுரையிலிருந்து சைக்கிள் ஹெல்மெட் வாங்கி வந்தார். "என்ன அண்ணே, வெல்டிங் வேலைக்கா போறீக?" என்று தெருவே கேட்டது.

என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது எடைப் பைத்தியம். சைக்கிள் எடை குறையக் குறைய வேகமாம். ஸ்டாண்டைக் கழற்றினார். செயின் கவரைக் கழற்றினார். ஒருநாள் பார்த்தால் கேரியரும் கழன்று கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

"எடை குறையணும்னா ராத்திரி ரெண்டு இட்லியக் குறைங்க. நான் உக்கார்ற இடத்தையா கழட்டுவீக?" என்றேன்.

"உனக்கென்ன புள்ள தெரியும்? அவுகல்லாம் ஒலகம் சுத்துனவுக."

நானும் பிள்ளையும் குன்றக்குடிக்கு டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தோம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மதுரையில் ஒரு கியர் சைக்கிளைப் பார்த்து வைத்துவிட்டு வந்து, அவர் சாமி மாடத்து டப்பாவையே பார்த்ததைப் பொறுக்க முடியவில்லை.

"பழனிக்கு அடுத்த வருசம் போவோம். முருகன் எங்கயும் போயிற மாட்டாரு."

"முடிஞ்சு வச்ச காசுங்க அது."

அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். "சரி, அந்தக் கம்ப்யூட்டர்ல பேசுறவுககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருவோம். வாங்குன்னா வாங்குறேன், வேணாம்னா விட்டுர்றேன்" என்றார். எங்கள் பிள்ளையின் நேர்த்திக்கடன் முகம் தெரியாத ஆட்கள் வாயில் போய் நின்றது.

அடுத்த வெள்ளி, நான் பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேராகப் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனார். கல்லூரிக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். "வா தங்கச்சி. மாப்ள கேட்டதுக்கு ஒருத்தரு திருப்பி ஒரு கேள்வி கேட்டுருக்காரு. இந்தச் சைக்கிள எதுக்கு ஓட்டுறேங்குறாரு."

"எக்சர்சைஸுக்குன்னு போடுங்க மாப்ள" என்றார் இவர்.

நான் எட்டாவது வரைதான் படித்தவள். அந்த இடத்தில் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! "அண்ணே, கேரியரக் கழட்டுறதுக்கு முந்தி வெள்ளிக்கிழமை எங்களைப் பின்னால வச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாகன்னு எழுதுங்க. புள்ள என் மடியில இருப்பான்னும் எழுதுங்க."

"அதெல்லாம் எதுக்கு?" என்று இவர் கூச்சப்பட்டார்.

"தங்கச்சி சொல்றதுதான் கேட்ட கேள்விக்குப் பதில்" என்று சொல்லி அவர் அப்படியே தட்டிவிட்டார்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு முருகனுக்குத்தான் தெரியும். விளக்கேற்றும்போதெல்லாம், "அந்த மனுசன் யாரு எவருன்னு எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அவர் வாயில வந்து உக்காருப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மறு வெள்ளி போனோம். கல்லூரிக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "நாலு பேரு கியர் வண்டிதான் நல்லது, வாங்குங்குறாக."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன்.

"இருங்க, அன்னைக்குக் கேள்வி கேட்டவரு எழுதிருக்காரு. உன் சைக்கிள்ல ஒரு குறையும் இல்லை. கழட்டுன கேரியரை மொதல்ல மாட்டு. பிரேக் கட்டை தேஞ்சிருந்தா மாத்து. அம்மா மடியில இருக்க பிள்ளையோட காலு சக்கரத்துக்குள்ள போயிராமத் தடுக்க ஏதும் போட்டுருக்கியா, இல்லையா? என் வீட்ல மூணு சைக்கிள் தொங்குது, ஓட்டுறது பழைய ஒண்ணைத்தான். இவ்வளவுதான் மாப்ள."

என் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் கால் தொங்கியது. கொலுசு போட்ட அந்தப் பாதத்தை இவர் கையில் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேரும் வண்டியப் பத்திச் சொல்றாக. இவரு ஒருத்தருதான் புள்ள காலப் பத்திக் கேட்டுருக்காரு" என்றார்.

"அப்ப மதுரைக்கு?" என்று இழுத்தார் கல்லூரிக்காரர்.

"பழனிக்கு" என்றார் இவர்.

அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியிலிருந்து கேரியரை எடுத்துத் துடைத்து மாட்டினார். மறுநாள் பிரேக் கட்டையும், பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கம்பி வலையும் போட்டு வந்தார். மட்கார்டு இல்லாத நண்பர்கூட அந்த வலையை வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று போனார்.

ஆவணியில் பழனிக்குப் போனோம். மகளுக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, துலாபாரமும் கொடுத்தோம். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மகளுடையதைச் சொன்னேன். இன்னொரு தட்டையும் நீட்டினேன்.

"இது யாருக்கும்மா?"

"ஒரு நல்லவுகளுக்கு சாமி. பேர் தெரியாது, ஊர் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. "அப்போ சுவாமி பேருக்கே பண்ணிடலாம்" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

இப்போது நினைத்தால், எழுதியவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் குன்றக்குடியில் எப்போது அர்ச்சனைத் தட்டு நீட்டினாலும், சாமி பேரைச் சொல்லும்போது எனக்கு அவர் ஞாபகமும் சேர்ந்தேதான் வருகிறது.