எதிராளி வாங்கித் தந்த அமைதி

முக்கூடலில் ஒரு சபையில், விதவை மறுமணம் தகுமா என்று விவாதம் வைத்தார்கள். தகும் என்று பேச நான் ஒருவன்தான் எழுந்தேன். பதினாறு வயதில் தாலியறுத்த என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தேன்.

வாய் திறந்ததுமே, “ஏலே, தங்கச்சிய ஏலம் போடவா வந்தே?” என்று கத்தினார்கள். செருப்பு ஒன்று என் தோளில் விழுந்தது.

எதிர்த்துப் பேச வந்திருந்த சங்கரலிங்கம் பிள்ளை எழுந்தார். “வீட்டுப் பொம்பளைய இழுக்காதீய வே! இவர் சொல்லுதது தப்புன்னு நான் காட்டுதேன். முழுசாப் பேசட்டும்.”

பேசினேன். பிறகு அவர் என் வாதங்களை என்னைவிடத் தெளிவாகச் சொல்லி, ஒவ்வொன்றாக மறுத்தார். சபை அவர் பக்கமே கை தூக்கியது. “கல்யாணத்துக்கு வரமாட்டேன் வே” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் நடந்தது. அவர் வரவில்லை. கடைசிவரை எங்களுக்குள் பேச்சும் இல்லை. ஆனாலும், பிடிக்காத ஒருவர் பேசும்போது குறுக்கிட நாக்கு துடித்தால், அன்று அவர் எழுந்து நின்றதை நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.