பெரியம்மாவின் லொறியும் மாமாவின் லொறியும்

பெரியம்மாவின் லொறிக்கு நிறமே இல்லை என்று வகுப்பில் ஒருத்தி சொன்னதற்காக, ஒரு பள்ளித் தவணை முழுக்க நான் அவளோடு கதைக்கவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. லொறி நீலம். எந்த இடத்தில் எவ்வளவு நீலம் என்பதில்தான் வித்தியாசம். மூக்கு நீண்ட அந்தப் பழைய லொறியின் முன்மூடி வெயிலில் கிடந்து, பலமுறை தோய்த்துக் கட்டிய சாரம் போல வெளுத்திருந்தது. ஓட்டுகிறவர் கை வைக்கும் கதவோரத்தில் நீலம் போய், அதற்கடியில் பூசியிருந்த காவி போய், இரும்பே தெரிந்தது. அந்த இரும்பில் துரு இல்லை. கை பட்டுப் பட்டு வெள்ளிபோல மினுங்கியது. பின்பெட்டிப் பலகைகளில் வாழைக்குலைப் பாலின் கயர் வடிந்து கறுத்த கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோடும் எனக்குத் தெரியும்.

பெரியம்மா என் அம்மாவின் மூத்த அக்கா. பெரியப்பா இருந்தவரை லொறியை அவர்தான் ஓட்டினார். அவர் நோயில் போன பிறகு, லொறியை விற்றுவிடும்படி ஊரில் பலபேர் வந்து ஆலோசனை சொன்னார்களாம். பெரியம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து, சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த கிழமையே ஓட்டப் பழகத் தொடங்கினார். நீர்வேலியில் குத்தகைக்கு எடுத்த காணியில் வாழை வைத்து, குலைகளைத் தானே சந்தைக்குக் கொண்டுபோனார். வழியில் யாராவது வேடிக்கை பார்த்தால் ஹோன் அடிப்பார். அந்த ஹோனில் மரியாதை இருக்காது.

லொறியில் எனக்கு மிகப் பிடித்த இடம், பின்பெட்டியின் அடியோரமாக நீளத்துக்கு ஓடிய இரும்புச் சட்டம். அது முழுவதும் நிறம் தேய்ந்திருந்தது. நான் பிறப்பதற்கு முன், சண்டைக் காலத்தில், வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இடப்பெயர்வில், லொறி நடக்கிறவர்களின் வேகத்திலேயே ஊர்ந்ததாம். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் மேலே. மற்றவர்கள் அந்தச் சட்டத்தைப் பிடித்தபடி கூடவே நடந்திருக்கிறார்கள். சனத்துக்குள் பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாதென்று, தாய்மார் பிள்ளைகளின் கையை எடுத்து அதில் பிடித்து வைத்தார்களாம். அப்படித் தேய்ந்ததுதான் அது என்று அம்மா சொல்வார். இரண்டு நாளில் பெயின்ற் தேயுமா என்று ஒருமுறை கேட்டேன். அம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பல வருடங்களாகக் குலை ஏற்றியவர்களின் கை பட்டும் தேய்ந்திருக்கலாம். அப்போது எனக்கு அதை நினைக்க விருப்பமில்லை. இப்போதும் அவ்வளவாக இல்லை.

வாழைத் தோட்டக் காணியின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். அவருடைய மகன் திரும்பி வந்து, வல்வெட்டித்துறைக்குப் போகும் வழியில் கடலைப் பார்த்தபடி ஒரு விடுதி கட்டினார். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். மெதுவாகக் கதைப்பார். ஒருநாள் தோட்டத்துக்கு வந்தவர், நின்ற லொறியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அது தனக்கு வேண்டும் என்றார். விடுதி வாசலில் நிறுத்தப்போகிறாராம். கழுவக்கூடக் கூடாது, இந்த நிறம் இப்படியே வேண்டும் என்றார்.

பெரியம்மா தரமாட்டேன் என்றார். அவர் இன்னும் இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னார்.

"அக்கா, இந்தக் காணியை என்ன செய்யிறதெண்டு அப்பா கேக்கிறார். லொறியை நீங்கள் தந்தால், தோட்டம் உங்களோடையே இருக்கட்டுமெண்டு நான் சொல்லுவன்."

பெரியம்மா அவருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்.

அந்த மாதமே பெரியம்மாவின் லொறி எஞ்சின் வேலைக்கென்று இணுவிலில் இருந்த உறவினர் வீட்டு வளவுக்குப் போய்விட்டது. அதே நாட்களில் மாமாவின் கராச்சுக்கு இன்னொரு லொறி வந்தது. மாமா, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பி. வாகனங்களுக்குப் பெயின்ற் அடிப்பதுதான் தொழில். வந்தது அதே மூக்கு நீண்ட வகை. சாவகச்சேரிப் பக்கம் ஏதோ மதிலோரம் பல வருடம் கிடந்ததாம். எஞ்சின் இல்லை. நாலு பேர் தள்ளி உள்ளே கொண்டுவந்தார்கள். மாமா அதற்குக் காவி அடித்து, மேலே நீலம் அடித்தார். நீலம் பளபளவென்று காய்ந்த அன்று நானும் சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள் அவர் அதை அழிக்கத் தொடங்கினார்.

என் வாழ்க்கையில் ஒரு மனிதர் தன் வேலையைத் தானே அவ்வளவு கவனமாகக் கெடுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சொரசொரப்பான தாளைத் தண்ணீரில் நனைத்து, முன்மூடியை வட்டம் வட்டமாக உரஞ்சினார். ஈர இரும்பில் கல்லுப்பைத் தூவி, வினாகிரியைத் தெளித்து வெயிலில் விட்டார். காலையில் துரு பூத்திருந்தது. துரு போதாத இடங்களுக்கு, கடுஞ்சாயத் தேயிலைத் தண்ணியில் ஏதோ பசையைக் கலந்து துணியால் ஒற்றினார். என்னைக் கூப்பிட்டு, பெரியம்மாவின் லொறியில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கதவில் கை வைக்கும் இடம் எத்தனை விரல் அகலம், கயர்க் கோடுகளில் எது நீளம் என்று சுண்ணக்கட்டியால் கீறிக் காட்டினேன். ஒரு விடுதிக்காரருக்குப் பழைய லொறி போல ஒன்று வேண்டுமாம் என்று மட்டும் மாமா சொல்லியிருந்தார். நானும் நம்பினேன். ஆனால் அவர் சட்டத்தைத் தேய்க்கத் தொடங்கியபோது எனக்குக் கோபம் வந்தது.

"உந்தச் சட்டத்தை விடுங்கோ மாமா. உது ஆக்கள் பிடிச்சுத் தேய்ஞ்சது."

"நானும் ஆள்தானே, பிள்ளை," என்றார் மாமா, உரஞ்சுவதை நிறுத்தாமல்.

விடுதித் திறப்பு விழாவுக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. பெரியம்மா தலையிடி என்று வரவில்லை. வாசலில் என் இடுப்பளவு உயரத்துக்குச் சீமெந்து மேடை கட்டி, அதன்மேல் மாமாவின் லொறியை ஏற்றி நிறுத்தி, மாலை போட்டிருந்தார்கள். மாமா அயன் பண்ணிய சேட்டோடு அதன் பின்பக்கம் நின்றார். கடைசி நேரத் திருத்தத்துக்காக அவர் கொண்டுவந்த தின்னர் போத்தலும் துணியும் சில்லுக்குப் பின்னால் இருந்தன.

விளக்கேற்றிய பிறகு விடுதிக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்தார். இந்த லொறியில் ஒரு சொட்டுக்கூடப் புதுப் பெயின்ற் இல்லை என்றார். பிறகு பெரியப்பாவின் பெயரைச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். இது எங்கள் லொறி என்றுதான் அவர் நினைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமாவைப் பார்த்தேன். மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடம்பெயரேக்கை எனக்கு ஒன்பது வயசு," என்றார் விடுதிக்காரர். "அம்மாதான் என்ரை கையைப் பிடிச்சு இதிலை வைச்சவ. லொறியை விடாதையெண்டு சொன்னவ. நான் விடேல்லை. அவவைத்தான் காணேல்லை. நாலாம் நாள்தான் அவவைக் கண்டுபிடிச்சம்."

எந்த நிலையில் கண்டுபிடித்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. மேடைக்குக் கீழே நின்றபடி கையை உயர்த்தி, தலைக்குமேல் இருந்த அந்தச் சட்டத்தைப் பிடித்தார். பிடித்தவர் அழத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அது மாமா தேய்த்த சட்டம் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

நான் ஓடிப்போய்த் துணியில் தின்னரை ஊற்றி, மேடையில் ஏறிக் கதவை அழுத்தித் துடைத்தேன். தேயிலைத் துரு முழுவதும் துணியில் வந்தது. உள்ளே புது நீலம் சிரித்தது.

"இது பெரியம்மான்ரை லொறி இல்லை! இது மாமா செய்தது. இது தேயிலைச் சாயம்! நீங்கள் பிடிச்சதும் மாமா உரஞ்சினது!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விடுதிக்காரர் சட்டத்திலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையைப் பார்த்தார். அதில் லேசாகப் பழுப்பு ஒட்டியிருந்தது. அவர் மாமாவைத் திட்டவில்லை, என்னைக்கூடத் திட்டவில்லை. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா என் காதைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் விசாரணை நடந்தது. நாளைக்கே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அம்மா சொன்னார். அப்பா சொன்னார். மாமா தலையைப் பிடித்துக்கொண்டு மூலையில் இருந்தபடி, தோட்டம் போச்சு, தோட்டம் போச்சு என்றார்.

"நான் கேக்கமாட்டன். பொய் சொன்னது நானில்லை. மாமா பெரியம்மான்ரை பேரைச் சொல்லி ஆளை ஏமாத்தினவர். அவர் கேக்கட்டும்."

அப்பா கையை ஓங்கினார். நான் நகரவில்லை. அந்த நேரத்தில்தான் பெரியம்மா உள்ளே வந்தார். வரும் வழியிலேயே யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மண்ணெண்ணெயோ, தின்னரோ?"

"தின்னர்."

"ம்," என்றார் பெரியம்மா. சோற்றைப் போடச் சொல்லி இருந்து சாப்பிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிபோல ஹோன் சத்தம் கேட்டது. அந்த மரியாதை இல்லாத ஹோன். பெரியம்மா இணுவிலுக்குப் போய் லொறியை எடுத்துக்கொண்டு, ஊர் பார்க்கப் பெரிய தெருவாலேயே வந்திருந்தார். எஞ்சினில் ஒரு குறையும் இருக்கவில்லை. என்னை ஏறச் சொன்னார். அம்மா படலைவரை ஓடி வந்தார். "அக்கா, வேண்டாம், அவர் கோபத்திலை இருப்பார்," என்றார்.

"ஒளிச்சு வைச்சது போதும்," என்றார் பெரியம்மா.

விடுதி வாசலில் மாலை வாடிப்போன மாமாவின் லொறிக்குப் பக்கத்தில் எங்கள் லொறியை நிறுத்தினார். சத்தம் கேட்டு விடுதிக்காரர் வெளியே வந்தார். முகம் நித்திரை இல்லாத முகம். பெரியம்மா இறங்கினார். நானும் இறங்கி, பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இடுப்பில் கையூன்றி நின்றேன்.

"தம்பி, உங்களை ஏமாத்தினது என்ரை தம்பி இல்லை. நான். நான்தான் செய்யச் சொன்னனான். நீங்கள் காணியைக் காட்டிக் கேட்டீங்கள், நான் இதைக் காட்டி அதைத் தந்தன். லொறியை நேற்றும் தரேல்லை, இண்டைக்கும் தரமாட்டன். தோட்டத்தை எடுக்கிறதெண்டால் எடுங்கோ. ஆனால் நீங்கள் பிடிச்சு நடந்தது எதெண்டு பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்காகத்தான் கொண்டந்தனான்."

நான் பெரியம்மாவை அண்ணாந்து பார்த்தேன். பெரியம்மாவுக்குத் தெரியாமல் மாமா ஏமாற்றினார் என்று நினைத்துத்தான் நான் அந்த மேடையில் ஏறியிருந்தேன். என் இடுப்பிலிருந்த கை தானாகக் கீழே இறங்கியது. அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடாது என்று உடனே எனக்குள் சொல்லிக்கொண்டு, திரும்பவும் கையை ஊன்றினேன்.

விடுதிக்காரர் எங்கள் லொறியின் பின்பெட்டிப் பக்கம் போனார். சட்டத்தில் கை வைத்தார். அது அவருடைய நெஞ்சளவில் இருந்தது. கையைக் கொஞ்சம் முன்னே நகர்த்திப் பிடித்துப் பார்த்தார். பிறகு பின்னே.

"இவ்வளவு பதிவாவோ இருந்தது? நான் அப்ப எட்டியெல்லோ பிடிச்சனான்?" என்றார்.

"லொறி அப்பிடியேதான் இருக்கு, தம்பி," என்றார் பெரியம்மா. முன்பிருந்த கடுமை அந்தக் குரலில் இல்லை.

அவர் அழுவார் என்று நான் காத்திருந்தேன். அழவில்லை. விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. "கொண்டுபோங்கோ, அக்கா," என்று மட்டும் சொன்னார். தோட்டத்தைப் பற்றி அவர் அன்று கதைக்கவில்லை. அந்தப் போக வாழை வெட்டி முடிந்ததும் அவருடைய அப்பா காணியை வேறு யாருக்கோ விற்றுவிட்டார். பெரியம்மா அதன்பிறகு சில வருடங்கள் மற்றவர்களின் குலைகளை ஏற்றித்தான் பிழைத்தார். அதற்காக என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அன்று திரும்பும்போது எனக்கு ஒரே உற்சாகம். வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன். ஜன்னலால் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தேன். விடுதிக்காரர் இன்னும் உள்ளே போகவில்லை. மாமாவின் லொறி நின்ற மேடைக்குக் கீழே நின்று, ஒரு கையை உயர்த்தி, உரஞ்சித் தேய்த்த அந்தச் சட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, அங்கை பாருங்கோ! அந்தாள் திரும்பவும் பொய் லொறியைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியம்மா கண்ணாடியில் பார்த்தார். லொறியின் வேகம் குறைந்தது. நடக்கிறவர்களும் கூட வரக்கூடிய அளவுக்குக் குறைந்தது.

"சிரிக்காதை," என்றார்.

பெரியம்மா என்னை அதட்டியது அந்த ஒரேயொரு முறைதான். விடுதி கண்ணுக்கு மறையும்வரை அவர் வேகத்தைக் கூட்டவில்லை. ஏமாந்தவருக்காக ஏன் நாங்கள் மெதுவாகப் போகவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ரோசத்தோடு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.